தடிமனும் பீனிசமும்: ஹாலிஎலத் தோட்டங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஊவாப் பெருந்தோட்டங்களில் வழங்கும் 'தடிமன்' என்னும் சொல்லின் பொருட்பரப்பு மிக அகன்றது. இரண்டு நாள் மூக்கொழுகலும் தடிமன்தான். இரண்டு வருட மூக்கடைப்பும் தடிமன்தான். நெற்றி கனத்தல், கன்னத்தில் குத்து, மணம் தெரியாமை, தொண்டைக்குட் சளி இறங்குதல், பிள்ளை இரவு முழுதும் வாயால் மூச்சு விடுதல் ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவம் இவற்றை வேறுவேறு நோய்நிலைகளாகப் பிரித்து நோக்குகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை மூக்கைச் சூழ்ந்துள்ள என்புகளின் காற்றறைகளில் உண்டாகும் அழற்சியோடு தொடர்புடையவை. தமிழ் மருத்துவ மரபு அதனைப் பீனிசம் என்றது. அப்பீனிசத்தை எவ்வாறு இனங்காண்பது, அதன் வகைகள் யாவை, தோட்டப்புறத்தில் அது ஏன் இனங்காணப்படாமற் போகின்றது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

நாம் மருத்துவ மாணவர் அல்லோம், இலக்கிய மாணவர். எனினும் ஒரு சொல் எந்த நிலைமையை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்று வினவுவது எமது துறைக்குப் புறம்பானதன்று. இவ்வினாவை எமக்குள் எழுப்பியவர் ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர். வெலிமடையிலிருந்து வரும் வீதியும் பண்டாரவளையிலிருந்து வரும் வீதியும் கூடிப் பதுளை நோக்கிச் செல்லும் சந்தி ஹாலிஎல. 1924 இற் பதுளையை எட்டிய மலைநாட்டுப் புகையிரதப் பாதையில், முடிவிடத்துக்கு முந்திய நிலையமும் அதுவே. மலையகச் சிறுகதையாசிரியருள் முதன்மையான ஒருவராகிய தெளிவத்தை ஜோசப் 1934 இற் பிறந்த ஊவா கட்டவளைத் தோட்டம் இப்பகுதியைச் சேர்ந்தது. அவரது மொழிநடை பற்றிய குறிப்புகளுக்காகத் தோட்டத்துச் சொற்களைத் திரட்டச் சென்றவிடத்தில், மூக்கைச் சேலைத் தலைப்பால் ஒற்றியபடி எம்மோடு பேசிக்கொண்டிருந்த அப்பெண்ணிடம் சுகமில்லையா என்று கேட்டோம். "காய்ச்சல்னா லீவு போடலாம் சேர். தடிமனுக்கு யாரு லீவு குடுப்பா? ரெண்டு வருசமா இருக்கு, அது பாட்டுக்கு இருக்கு" என்றார்.

இரண்டு வருடம் நீடிக்கும் தடிமன் என ஒன்று மருத்துவத்தில் இல்லை. அவர் கூறியதை விளங்கிக்கொள்ள முதலிற் சொல்லையும், பின்னர் உடலுறுப்பையும் நோக்குதல் வேண்டும்.

பீனிசம் என்பது பீனச என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் நூல்களில் இந்நோய் பேசப்படுகின்றது. சித்த மருத்துவ ஏடுகள் இதனை வாதம், பித்தம், ஐயம் என்னும் முக்குற்றங்களின் அடிப்படையிலும், மூக்கினின்று வெளிப்படுவது நீரா, சீழா, குருதியா என்பதன் அடிப்படையிலும் வகைப்படுத்தின. இவ்வகைப்பாட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. உடலைத் திறந்து பார்க்க வழியில்லாத காலத்தில், புறத்தே தெரிவதைக் கூர்ந்து நோக்கி வகுத்த பொருள்முதல் நோக்கு அதனுள் உண்டு. அதன் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. வெளிப்படும் சளியின் நிறத்தையும் தன்மையையும் அது பெரிதும் நம்பிற்று. இன்றும் எம்மிற் பலர் அவ்வாறே நம்புகின்றனர்: சளி மஞ்சளாயிற்று, பச்சையாயிற்று, ஆகவே கிருமி தொற்றிவிட்டது, மருந்து வேண்டும் என்கின்றனர். உண்மையில், சாதாரண வைரசுத் தடிமனிலும் மூன்றாம் நான்காம் நாளிற் சளி தடித்து நிறம் மாறுகின்றது. நோயை எதிர்த்துத் திரளும் வெண்குருதிக் கலங்களின் நொதியங்களே அந்நிறத்துக்குக் காரணம். நிறத்தை மட்டும் கொண்டு பற்றீரியாத் தொற்றைத் தீர்மானித்தல் இயலாது. இக்கால மருத்துவம் நிறத்தைப் பின்தள்ளி நாட்கணக்கை முன்வைத்துள்ளது. எமது விளக்கத்தின் அச்சாணி இந்த நாட்கணக்கே.

உறுப்பின் அமைப்பு இதனைத் தெளிவாக்கும். மூக்கின் இரு புறத்தும் நான்கு சோடிக் காற்றறைகள் உள்ளன. கன்னத்தினுள் மேற்றாடையென்பின் அறை. புருவத்துக்கு மேல் நெற்றியென்பின் அறை. இரு கண்களுக்கும் இடையே நெய்யரியென்பின் சிற்றறைகள். மூக்கின் பின்னே, தலையின் நடுவாழத்தில் ஆப்புருவென்பின் அறை. இவற்றின் உட்புறத்தை மெல்லிய சீதமென்சவ்வு போர்த்துள்ளது. அச்சவ்வு சுரக்கும் சளி, தூசியையும் கிருமியையும் பற்றிக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள் அதனை இடையறாது துடுப்புப் போட்டு வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. கன்னத்தறையின் வாயில் அதன் அடித்தளத்தில் இல்லை. உட்சுவரின் மேற்பகுதியில் உள்ளது. நிமிர்ந்து நிற்கும் மனிதனிற் சளி தானாக வடிந்துவிட முடியாது. பிசிர்கள் அதனை மேல்நோக்கிச் சுமக்க வேண்டும். பிசிர் சோர்ந்தாலோ, சவ்வு வீங்கி வாயில் அடைபட்டாலோ அறை தேங்கிய குட்டையாகிவிடும். லியொனார்டோ டா வின்சி 1489 அளவிலேயே இக்கன்னத்தறையை வரைந்திருந்தார். ஆங்கில மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651 இல் வெளியிட்ட நூலில் அதனை விரிவாக விவரித்தார். அந்நூலில் வரும் ஒரு நோயாளரைப் பின்னர் நினைவுகூரவேண்டியிருக்கும்.

நோய் தொடங்குவது பெரும்பாலும் வைரசுத் தடிமனில். வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறையும், சிறுபிள்ளைக்கு ஆறு எட்டு முறையும் தடிமன் வருவது இயல்பு. அப்போது மூக்கின் சவ்வோடு காற்றறைகளின் சவ்வும் ஓரளவு வீங்கவே செய்யும். முகத்தில் கனமும் மூக்கடைப்பும் தோன்றும். மூன்று நாள் ஏறி, பின்னர் சிறிது சிறிதாக இறங்கி, பத்து நாளுக்குள் அது பெரும்பாலும் அடங்கும். வளர்ந்தோரிடத்து இத்தகைய தடிமன்களுட் பற்றீரியாத் தொற்றாக மாறுவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவே. அவ்வாறு மாறியதை மூன்று வழிகளில் ஐயுறலாம். ஒன்று, பத்து நாள் கழிந்தும் சற்றேனும் தணியாதிருத்தல். மற்றொன்று, ஐந்தாறு நாளிற் குறைந்து வந்த நோய் திடீரெனத் திரும்பி, காய்ச்சலோடும் தலைவலியோடும் முன்னிலும் கடுமையாதல். மருத்துவர் இதனை இரட்டைச் சீர்கேடு என்பர். கிராமத்தார் 'விட்டது திரும்பிப் பிடிச்சது' என்பது பெரும்பாலும் இதனையே. இறுதியாக, தொடக்கத்திலேயே 39 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சலும், சீழ் போன்ற சளியும், முகவலியும் மூன்று நான்கு நாள் விடாது நிற்றல். இம்மூன்றும் இல்லாதவிடத்து நுண்ணுயிரெதிரி மருந்தாற் பயன் எதுவும் இல்லை. பழைய மருந்துப் பொதியில் எஞ்சிய நான்கு வில்லைகளை விழுங்குவது கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடுவதே ஆகும்.

இவ்வாறு நான்கு வாரத்துக்குள் முடிவதைக் கடும் அழற்சி என்றும், நான்கு முதற் பன்னிரண்டு வாரம் வரை நீடிப்பதை இடைநிலை அழற்சி என்றும், பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதை நாட்பட்ட அழற்சி என்றும் பிரிப்பர். ஆண்டில் நான்கு முறையோ அதற்கு மேலோ வந்து, இடையிடையே முற்றாக நீங்கியிருப்பது மீள்வரு அழற்சி எனப்படும். நாட்பட்டதையும் மீள்வதையும் வேறுபடுத்துவதற்கு 'இடையில் ஒரு நாளாவது மூக்கு முற்றாகத் திறந்திருந்ததா?' என்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

இங்கு ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. இந்நோயை அறிய முதலில் வேண்டுவது நாட்களை எண்ணுதல். தோட்டமோ நாட்களை மிக நுணுக்கமாக எண்ணும் நிறுவனம். நாள் வேலைக்கு ஒரு 'பேர்', குறைந்தால் அரைப்பேர், இல்லையேற் பேரில்லை என்று செக்ரோலில் ஒவ்வொரு நாளும் பதியப்படுகின்றது. ஆயினும் அங்கு எண்ணப்படுவது உழைப்பு நாளே. நோய் நாள் அன்று. மூக்கடைப்போடு மலையேறிக் கொழுந்தெடுத்த நாள், செக்ரோலைப் பொறுத்தவரை முழுமையான நாள். அப்பெண்ணிடம் எப்போது தொடங்கிற்று என்று வினவியபோது அவரால் மாதம் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று வினவியதும் உடனே விரல்விட்டுச் சொன்னார். மகளின் சடங்குக்கு, மாமியாரின் சாவுக்கு, டெங்குக்காக. தடிமனுக்காக ஒரு நாளும் இல்லை.

நாட்பட்ட அழற்சியை இனங்காண நான்கு குறிகள் உள்ளன: மூக்கடைப்பு, முன்னோ பின்னோ வடியும் சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், மணவுணர்வு குறைதல். இவற்றுள் இரண்டாவது இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருத்தல் அவசியம். பிள்ளைகளிடத்து மணவுணர்வுக்குப் பதிலாக இருமலைக் கணக்கிற் கொள்வர். இதன் பின்னர் மூக்கினுட் குழாய்க்கருவி செலுத்திப் பார்த்தோ படம் எடுத்தோ உறுதி செய்வர். நாட்பட்டதிலும் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. மூக்கினுள் திராட்சை போன்ற மென்தசை வளர்ந்திருப்பது ஒன்று. அத்தகைய வளர்ச்சி இல்லாதது மற்றொன்று. தசை வளர்ந்தோரிடத்து மணம் முற்றாக அற்றுப்போவதும், தொய்வு நோய் சேர்ந்திருப்பதும் மிகுதி. இவர்களுட் சிலருக்கு அஸ்பிரின் போன்ற வலிநீக்கிகள் மூச்சுத்திணறலை உண்டாக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பீனிசத்தை இத்தோட்டங்களில் நாட்படச் செய்யும் சூழல் யாது? முதலில் அடுப்பைக் கூறவேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னே இஸ்தோப்புமாகத் தொடர்ச்சியாய்க் கட்டப்பட்ட பழைய லயன்கள் இன்னும் பலவிடங்களிற் குடியிருப்பாக உள்ளன. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறே பலரது விறகு. மழைக்காலத்தில் அது ஈரவிறகு. அடுப்பை இஸ்தோப்பின் மூலையில் தடுத்து வைத்திருப்போரும், பின்னே தகரத்தாற் சாய்ப்பு இறக்கியிருப்போரும் உண்டு. எவ்விடத்திலும் புகைபோக்கி அரிது. விறகுப் புகை சவ்வை எரித்து வீங்கச் செய்வதோடு, பிசிர்களின் துடுப்பையும் தளர்த்திவிடுகின்றது. மேல்நோக்கிச் சளியைச் சுமக்கவேண்டிய கன்னத்தறைக்கு இதன் விளைவு யாதென்று விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தடிமனை அடுத்தவர் பெறாதிருக்க இடமில்லாத நெருக்கமும், சுவரில் ஊறும் ஈரமும், அவ்வீரத்திற் படரும் பூஞ்சணமும் இதனோடு சேருகின்றன. விடியுமுன் அடுப்பு மூட்டுவதும், மாலையில் வேலையால் வந்து மீண்டும் மூட்டுவதும் பெண்ணின் பங்கு. புகையை உண்பதிலும் பாற்பிரிவினை உண்டு.

இரண்டாவது காற்று. ஊவாவின் தட்பவெப்பம் மேற்கு மலைச்சரிவினின்றும் வேறானது. தென்மேற்குப் பருவமழை அப்புறத்துச் சரிவிற் கொட்டித் தீர்த்தபின், யூலை முதற் செத்தெம்பர் வரை மலையைக் கடந்து இறங்கும் காற்று ஊவாவில் வறண்டு வீசுகின்றது. அதனைக் கச்சான் என்பர். இக்காற்றின் வறட்சியாற் கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து மணம் செறிகின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிவிலை பெற்றுத் தரும் பருவம் இதுவே. அதே வறட்சி மனித மூக்கின் சளியைத் தடிக்கச் செய்து பிசிர்களின் வேலையைக் கடினமாக்குகின்றது. ஒக்தோபரில் மழையும் மூடுபனியும் தொடங்க, வறட்சி நீங்கி நெருக்கமும் ஈரப்புகையும் முன்வருகின்றன. ஆண்டு முழுதும் மூக்குக்கு ஓய்வில்லை. ஒரு சிறு செய்தியையும் இவ்விடத்திற் குறித்தல் தகும். ஊவாத் தேயிலையின் தனிமணத்துக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று மெதைல் சலிசிலேற்று. வலிதீர்க்கும் தைலங்கள் பலவற்றில் மணம் வீசுவதும் அதுவே. சீமாட்டியின் கோப்பையில் மணப்பது லயத்துத் தைலப் போத்தலிலும் மணக்கின்றது. மூக்கடைத்தவர் அதனையும் நெடிதாய்த் தேய்த்தே உணர வேண்டியுள்ளது.

மூன்றாவது தொழிற்சாலை. வாட்டி, அரைத்து, நொதிக்க வைத்து, உலர்த்தி, சலிக்கும் படிமுறையில் இறுதிக் கட்டங்களில் நுண்ணிய தூசும் தும்பும் காற்றில் நிறைகின்றன. வைத்தியர் சி. ஜி. ஊரகொட 1980 இல் 'தோராக்ஸ்' சஞ்சிகையில் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய் பற்றி எழுதியது இத்துறையிற் குறிப்பிடத்தக்க பதிவு. அது மார்பு நோய் பற்றியது; எனினும் மார்பை அடையும் தூசு மூக்கைக் கடந்தே செல்கின்றது. வேடிக்கை யாதெனில், நொதித்தல் போதுமா என்பதைத் தேயிலை செய்வோர் கைப்பிடியளவு எடுத்து முகர்ந்தே தீர்மானிப்பர். மணத்தாற் பிழைக்கும் ஒரு தொழிலில் மணவுணர்வு இழத்தல் நோயாகக் கணிக்கப்படுவதில்லை. வீட்டில் நிலைமை இதனிலும் பாரதூரமானது. சோறு அடிப்பிடித்தது தெரியாது. பழங்கறி பழுதானது தெரியாது. மண்ணெண்ணெய் சிந்தியது தெரியாது. உணவிற் சுவை போய்விட்டது என்று பலர் முறையிடுவது, ஆராய்ந்தால், மணம் போனமையே.

பீனிசம் என்று பெயர் பெற்றும் பீனிசம் அல்லாதவை எதிர்ப்புறத்தில் உள்ளன. முதன்மையானது தலைவலி. 2004 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தமக்குச் சைனஸ் தலைவலி என்று கருதியிருந்த அல்லது அவ்வாறு சொல்லப்பட்டிருந்த 2991 பேரைப் பரிசோதித்தபோது, அவர்களுள் 88 சதவீதத்தினரது தலைவலி ஒற்றைத்தலைவலி வகையைச் சார்ந்ததாகக் காணப்பட்டது. ஒற்றைத்தலைவலியிலும் கண்ணோரம் கனக்கும், மூக்கு அடைத்து நீர்வடியும். ஆனால் அது மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ தீர்ந்து, ஒளியையும் சத்தத்தையும் வெறுக்கச் செய்து, குமட்டி, மீண்டும் மீண்டும் வரும். தடித்த சளியும் மணவிழப்பும் அதில் இரா. சளியுமின்றி அடைப்புமின்றி வெறும் தலைவலி மட்டும் வருடக்கணக்கில் இருப்பின் அது பீனிசமாதல் அரிது. கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி நாள் முழுதும் பாரத்தை இழுப்போர், வெறுந்தேநீரோடு மலையேறி உச்சிப்பொழுது வரை உண்ணாதிருப்போர், வெயிலிலும் பனியிலும் கண்ணைச் சுருக்கி நிற்போர் ஆகியோரின் தலைவலிக்குக் காற்றறையை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. கழுத்துத் தசை இறுக்கத்தையும் பார்வைக்குறைவையும் குருதிச்சோகையையும் அங்கு முதலில் எண்ணவேண்டும்.

ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி பிறிதொன்று. அடுக்கடுக்கான தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, தண்ணீர் போன்ற ஒழுக்கு என்பன அதன் குறிகள். காய்ச்சலும் சீழும் இரா. தூசு மிகுந்த வேலையின்போது கூடி, விடுமுறையிற் குறைவதாயின் ஒவ்வாமையை ஐயுறலாம். அது கவனிக்கப்படாது சவ்வை வீங்கவைத்துப் பின்னர் பீனிசத்துக்கு வாயிலாவதும் உண்டு.

ஒருபக்க நோய் பற்றித் தனியே எழுதுதல் வேண்டும். வைரசும் ஒவ்வாமையும் இரு நாசியையும் பற்றும். ஒரு நாசியில் மட்டும் மாதக்கணக்காக நாற்றச்சளி வருமாயின் வேறு காரணம் தேடவேண்டும். சிறுபிள்ளையாயின், புளியங்கொட்டையோ பாசிமணியோ பஞ்சோ மூக்கினுட் சிக்கியிருக்கலாம். வளர்ந்தவராயின், மேல்வரிசைப் பல்லைப் பார்க்கவேண்டும். மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்தறையின் அடித்தளத்தோடு மிக நெருங்கியவை. சிலரில் வேருக்கும் அறைக்கும் இடையே மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. வேரிற் சீழ் கட்டினால் அது மேல்நோக்கி அறைக்குள் உடைகின்றது. ஹைமோர் 1651 இல் விவரித்த நோயாளர் இத்தகையவரே: பல்லொன்று பிடுங்கப்பட்டதும் அவ்வழியே கன்னத்தறை திறந்துகொண்ட ஒரு சீமாட்டி. நடுவயது கடந்தோரில் ஒரு நாசியிலிருந்து குருதி கலந்த சளி, கன்னத்தில் மரப்பு, அசையும் பல் என்பன சேர்ந்திருப்பின், அரிதாயினும் புற்றுநோயையும் எண்ணிப் பார்ப்பது மருத்துவரின் கடமை.

பிள்ளைகளின் பீனிசம் பெரியோரினது போல வெளிப்படுவதில்லை. பிறக்கும்போது கன்னத்தறையும் நெய்யரியறையும் சிறிய அளவில் உள்ளன. நெற்றியறை ஆறேழு வயதின் பின்னரே உருப்பெறுகின்றது. எனவே ஐந்து வயதுப் பிள்ளையிடம் நெற்றிவலியை எதிர்பார்த்தல் வீண். பத்து நாளுக்கு மேற்பட்ட பகலிருமல், இரவில் அது கூடுதல், வாய்நாற்றம், கண்ணைச் சுற்றி வீக்கம், எரிச்சல் என்பனவே குறிகள். மூக்கின் பின்னுள்ள அடினொயிட்டுத் தசை பெருத்திருந்தாலும் மூக்கடைப்பும் வாய்ச்சுவாசமும் குறட்டையும் காது மந்தமும் உண்டாகும். வாயைத் திறந்தபடி வகுப்பிற் சோர்ந்திருக்கும் பிள்ளையை 'மந்தம்' என்று கூறும் ஆசிரியர்கள், அப்பிள்ளை தம் குரலைக் கேட்கின்றதா என்பதைச் சோதித்தபின் தீர்ப்பு வழங்குவது நலம்.

காலம் தாழ்த்தலாகாத குறிகளும் உண்டு. கண்ணிமை வீங்கிச் சிவத்தல், விழி முன்தள்ளல், இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்கல், நெற்றியிற் புடைத்த மென்வீக்கம், கழுத்து விறைப்பு, தாங்கொணாத் தலைவலி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கண்குழிக்கும் காற்றறைக்கும் இடையேயுள்ள சுவர் கடதாசி போல் மெல்லியது. நெற்றியறையின் பின்சுவருக்கு அப்பால் மூளை. பூஞ்சண வகையும் மறக்கத்தக்கதன்று. உடல்வலு உள்ளோரிடத்து அது ஓர் அறைக்குட் பந்தாகத் திரண்டு பல காலம் அமைதியாகக் கிடக்கும். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளோரிடத்து நாட்களுக்குள் திசுவை அரித்துச் செல்லும். 2021 இல் கொரோனாப் பெருந்தொற்றின் இடையே இந்தியாவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிய 'கறுப்புப் பூஞ்சை' இவ்வகையினதே. சீனி வியாதி உள்ள ஒருவருக்கு முகவலியோடு மூக்கினுட் கறுத்த பொருக்குத் தோன்றினால் அதனைத் தடிமன் என்று விட்டுவிடல் உயிராபத்தாகும்.

கைவைத்தியம் குறித்து எமது கருத்துக் கலப்பானது. கொத்தமல்லி அவித்த நீரும் வேது பிடித்தலும் ஆறுதல் தருவன. ஆனாற் கொதிநீர்ப் பாத்திரத்தைச் சிறுபிள்ளையின் முன் வைத்துப் போர்வையால் மூடுவது பொக்குளத்துக்கு வழி. சித்தாலேபவும் கோடாலித் தைலமும் இல்லாத காம்பரா இல்லை. இத்தகைய தைலங்களின் மென்தோல் மூக்கின் குளிருணர் நரம்புகளைத் தூண்டி மூக்குத் திறந்ததான உணர்வைத் தருகின்றது. அடைப்பை உண்மையில் திறப்பதில்லை. மூக்கில் விடும் அடைப்புநீக்கித் துளிகள் உண்மையாகவே திறக்கின்றன, ஆயினும் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தாற் சவ்வு முன்னிலும் வீங்கி, துளியின்றி மூச்சில்லை என்ற நிலை வரும். கொதித்தாறிய நீரில் உப்பிட்டு மூக்கைக் கழுவுவது மலிவானது, ஆய்வுகளால் ஆதரிக்கப்பட்டது. கொதிக்க வைத்தல் என்ற நிபந்தனையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடலாகாது.

இத்துணை எளிய நோய் ஏன் பதிவேடுகளில் இடம்பெறவில்லை? தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கான சட்டம் 1872 இல், கோப்பிக் காலத்திலேயே இயற்றப்பட்டது. 1912 இன் சட்டம் லயன்களைச் சுகாதார நிலையிற் பேணுவதை நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. வாந்திபேதி எண்ணப்பட்டது, அது தொழிலாளரைக் கொன்றது. கொக்கிப்புழு எண்ணப்பட்டது, அது வேலைத்திறனைக் குறைத்தது, 1910களின் நடுப்பகுதியில் றொக்பெல்லர் நிதியத்தின் இயக்கமே அதன்பொருட்டு இங்கு வந்தது. பீனிசமோ கொல்வதுமில்லை, கொழுந்தின் நிறையைப் பெரிதாகக் குறைப்பதுமில்லை. உழைப்புச் சக்தியின் விலையைப் பாதிக்காத துன்பம் உழைப்பைக் கணிப்போரின் ஏட்டில் ஏறுவதில்லை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் மீண்டபோதும் செக்ரோலின் தலைப்புகள் மாறவில்லை.

1845 இல் எங்கெல்சு இங்கிலாந்துத் தொழிலாளரின் ஈரக் குடியிருப்புகளையும் நோய்களையும் இணைத்து எழுதியதும், 1848 இல் வீர்க்கோ மேற்சைலீசியாவின் காய்ச்சலுக்கு அரசியற் காரணம் கூறியதும் முற்போக்காளர் நன்கறிந்தவை. ஆயின் எம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு: லயத்தை மாற்றாமல் நோய் மாறாது என்று கூறிவிட்டு எழுந்துவிடுவது. கூற்று உண்மை. எனினும் எதிரே அமர்ந்திருப்பவரின் நோய் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்பதற்கு லயம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்று நாமும் முதலிற் கேட்கத் தவறினோம். சொற்பட்டியலை முடிப்பதிலேயே கருத்தாயிருந்தோம். இரண்டாம் முறை சென்றபோதே கேட்டோம். "ஒரு பக்கந்தான் சேர். இடது பக்கம். நாத்தம், பக்கத்துல யாரும் ஒக்கார மாட்டாங்க" என்றார். அதற்கு முந்திய ஆண்டில் இடப்புறத்து மேற்கடைவாய்ப் பல் வலித்ததும், கராம்பு வைத்துக் கடித்து அடக்கியதும், பின்னர் பல் உடைந்து வேர் மட்டும் எஞ்சியதும் கேள்வி கேட்கக் கேட்க வெளிவந்தன.

பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்ல அவருக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது: காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு ஒரு நாள், படத்துக்கு ஒரு நாள், வேர் பிடுங்க ஒரு நாள். கன்னத்தறையின் சீழ் அவ்வேரின் வழியே வந்ததென உறுதியாயிற்று. மருந்து முடிந்து ஆறு வாரத்தின் பின் நாம் சென்றபோது இஸ்தோப்பில் மிலாறு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்த கருவாட்டின் மணம் தமக்குத் தெரிவதாகக் கூறிச் சிரித்தார். அம்மாதச் செக்ரோலில் அவருக்கு மூன்று பேர் குறைந்திருந்தன.